உகாண்டா பயணம்: எல்லோ ஃபீவர் ஊசி, மலேரியா மாத்திரை பற்றிச் சொல்லுங்கள்

கம்பாலா_பயணி:
கணவருக்குக் கம்பாலாவில் வேலை. நானும் 5 வயது மகனும் 64 வயது மாமனாரும் அடுத்த மாதம் 20ஆம் தேதி சென்னையிலிருந்து கிளம்புகிறோம். 30 நாள் தங்குவோம். எல்லோ ஃபீவர் (கொசுவால் பரவும் மஞ்சள் காய்ச்சல்) ஊசி கட்டாயம் என்கிறார் ஏஜென்ட். எங்கே போடணும்? மாமனாருக்கு பிரஷர் மட்டும் உண்டு, அவருக்குப் போடலாமா? மலேரியாவுக்கும் ஊசி இருக்கிறதா?

ஊசிக்காரர்:
உகாண்டாவுக்குள் நுழைய ஒரு வயது தாண்டிய எல்லோருக்கும் சான்றிதழ் வேண்டும். ஊசி போட்ட 10ஆம் நாளிலிருந்துதான் அது செல்லும், அதனால் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். சாதாரண கிளினிக் சீட்டு எடுபடாது. அரசு அங்கீகரித்த மையம்தான், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் அதில் ஒன்று. ஒரு குப்பியில் பல டோஸ் இருக்கும், திறந்துவிட்டால் 6 மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். அதனால் நாள் குறித்து, ஆள் சேர்த்துப் போடுவார்கள். முதலில் தேதி வாங்குங்கள். ஒரிஜினல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். சான்றிதழாகத் தரும் மஞ்சள் புத்தகத்தில் பெயர், பாஸ்போர்ட் எண், ஊசி மருந்தின் பேட்ச் எண், முத்திரை நான்கையும் அங்கேயே சரிபாருங்கள். திரும்பி வரும்போதும் இது வேண்டும், இல்லாவிட்டால் 6 நாள் வரை தனிமைப்படுத்த இந்தியச் சட்டத்தில் இடமுண்டு.

பையனுக்கு எம்.எம்.ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஊசி) பாக்கி இருந்தால் இதோடு அதே நாளில் போடணும், அல்லது 4 வாரம் இடைவெளி விடணும். இரண்டும் உயிருள்ள கிருமி ஊசி.

வெப்பமண்டலம்:
மாமனார் விஷயத்தில் அவசரம் வேண்டாம் மேடம். பிரஷர் தடை இல்லை, வயதுதான் யோசிக்க வைக்கிறது. 60க்கு மேல் முதன்முறை போடுகிறவர்களுக்கு, அபூர்வமாக, தடுப்பூசிக் கிருமியே கல்லீரல், சிறுநீரகம் வரை தாக்குவதுண்டு. முட்டைக்குக் கடும் அலர்ஜி, தைமஸ் சுரப்பிக் கோளாறு, எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மருந்து, இதில் எது இருந்தாலும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். போடக்கூடாது என்று அவர் முடிவெடுத்தால் அதே புத்தகத்தில் விலக்குச் சான்று எழுதுவார். ஆனால் நோய் அங்கே நிஜமாகவே இருப்பதால், ஊசி போடாமல் அவர் போகத்தான் வேண்டுமா என்றும் கேளுங்கள்.

வெப்பமண்டலம்:
மலேரியா: ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு ஊசி உண்டு, பயணிகளுக்கு இல்லை. மாத்திரைதான். எல்லோரும் மஞ்சள் புத்தகத்துக்கு ஓடிவிட்டு இதைக் கோட்டை விடுகிறார்கள், உகாண்டாவில் உயிருக்கு வரும் பெரிய ஆபத்தே இதுதான். அங்கே பெரும்பாலும் பரவுவது ஃபால்சிபாரம், மலேரியாவிலேயே மிக ஆபத்தான வகை. பழைய மலேரியா மாத்திரையான குளோரோகுயின் அதற்கு வேலைக்காகாது.

பெரியவர்களுக்கு டாக்சிசைக்ளின் 100 மி.கி. தினம் ஒன்று: கிளம்பும் முன் 2 நாள், தங்கும் 30 நாள், திரும்பியபின் 28 நாள், ஆக 60 மாத்திரை. ஊர் வந்ததும் நிறுத்தினால் ஈரலிலிருந்து பிறகு வெளிவரும் கிருமி தப்பிவிடும். பாலோடு விழுங்க வேண்டாம், மருந்து உடம்பில் சேர்வது குறையலாம். ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருக்கணும், இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். வெயிலில் தோல் சிவக்கும். கர்ப்பிணிக்குக் கூடாது.

5 வயதுப் பையனுக்கு டாக்சிசைக்ளின் வேண்டாம், 8க்குக் கீழ் தருவதில்லை. அவனுக்கு அட்டோவாகுவோன்-ப்ரோகுவானில் என்ற மாத்திரை, அளவு எடையைப் பொறுத்து. இது மாறாக, சாப்பாடு அல்லது பாலோடுதான் நன்றாகச் சேரும். திரும்பியபின் 7 நாள் போதும். எல்லாக் கடையிலும் கிடைக்காது, இப்போதே சொல்லி வையுங்கள்.

கம்பாலா_பயணி:
நன்றி. விக்டோரியா ஏரியில் பையனைக் குளிக்க விடலாமா?

நத்தை:
விடாதீர்கள். கரையோர நத்தையிலிருந்து வரும் புழு தோலைத் துளைத்து உள்ளே போகும், பில்ஹார்சியா என்பார்கள். தெரியாமல் இறங்கிவிட்டால் திரும்பி 6 முதல் 8 வாரம் கழித்துப் பரிசோதனை செய்யுங்கள், அதற்கு முன் செய்தால் பிடிபடாமல் போகலாம்.

கொசுவுக்கு: சன்ஸ்கிரீன் முதலில், அதன்மேல் டீட் (கொசு விரட்டும் மருந்து) கலந்த களிம்பு. மலேரியா பரப்பும் அனோஃபிலிஸ் கொசு அந்தி முதல் விடியல் வரை கடிக்கும், அதனால் மருந்து தோய்த்த வலைக்குள் தூங்குங்கள்.

ஊர் திரும்பி ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் வந்தால், முதல் மூன்று மாதத்தில் குறிப்பாக, அன்றே மலேரியா டெஸ்ட். இங்கே டாக்டர் டெங்கு என்றுதான் நினைப்பார், உகாண்டா போனதை நீங்களே சொல்லணும். முதல் ஸ்மியர் (ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் டெஸ்ட்) நெகட்டிவ் என்றால் விட்டுவிடாமல் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் இன்னும் இருமுறை எடுக்கச் சொல்லுங்கள்.