மாமனார் பெயரில் வீடு: ஜிஎஸ்டி பதிவு நிற்கிறது

வணக்கம். ஈரோடு மாவட்டத்தில், வீட்டிலேயே இட்லிப் பொடியும் பருப்புப் பொடியும் அரைத்து விற்கிறேன். பெங்களூரில் ஒரு கடை மாதம் 60 கிலோ கேட்கிறது. வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்க, வரவு எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். அங்கேதான் சிக்கிக்கொண்டேன்.

சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு செலவில்லாமல் முடிந்தது. உணவுப் பாதுகாப்புப் பதிவும் கையில் இருக்கிறது. ஆனால் ஜிஎஸ்டி பதிவுக்குத் தொழில் நடக்கும் இடத்தின் சான்றாகக் காட்டவேண்டிய வீட்டுவரி ரசீது, மின் கட்டண ரசீது இரண்டும் 2021இல் காலமான மாமனார் பெயரில் இருக்கின்றன. முதல் விண்ணப்பத்தில் கணவரின் சம்மதக் கடிதத்தை வைத்தேன், நிராகரித்துவிட்டார்கள். இரண்டாவது முறை வாரிசுச் சான்றிதழையும் சேர்த்தேன். அதில் மாமியார், கணவர், நாத்தனார் என மூன்று பெயர்கள். இப்போது உரிமையாளர் சம்மதம் கேட்டு, ஆர்இஜி-03 என்ற ஜிஎஸ்டி படிவத்தில் விளக்கம் கோரும் கடிதம் வந்திருக்கிறது. பதில் தர 7 வேலை நாட்கள். அதில் 2 போய்விட்டன.

மின் இணைப்பைப் பெயர் மாற்றலாம் என்று போனால், வாரிசுகள் அனைவரும் கையெழுத்திட வேண்டும் என்கிறார்கள். நாத்தனார் மலேசியாவில் இருக்கிறார், தீபாவளிக்குத்தான் வருவார். அவருக்கு முழுச் சம்மதம், தினமும் பேசுகிறோம். வேறு ஒரு வாடகை முகவரியைக் காட்டிவிடுங்கள் என்று ஆடிட்டர் சொல்கிறார். பொடி அரைக்காத இடத்தைக் காட்ட எனக்கு மனமில்லை.

மாமியாரும் கணவரும் இங்கே கையெழுத்திட்டு, நாத்தனார் அங்கிருந்து கையெழுத்திட்ட கடிதத்தை ஸ்கேன் செய்து அனுப்பினால், அதை வைத்துப் பதிவு பெற்றவர்கள் யாராவது இருக்கிறீர்களா?