பத்தாவது படிக்கும் மகள், பாக்சிங் பயிற்சி: இரண்டையும் கொண்டுபோக வழி சொல்லுங்கள்

தறிக்காரர், அம்மாபேட்டை

எல்லோருக்கும் வணக்கம். சேலம் அம்மாபேட்டையில் பட்டுத் தறி நெய்கிறேன். வெண்பட்டு வேட்டிதான் தொழில். எனக்கு ஒரே மகள், பதினைந்து வயது, பத்தாவது படிக்கிறாள். எட்டாவதில் பள்ளி பி.டி. டீச்சர் பார்த்துவிட்டு, "இவளுக்குக் கை வேகமா இருக்கு, பாக்சிங்ல விடுங்க" என்றார். அப்போதிலிருந்து அஸ்தம்பட்டி பக்கம் ஒரு மாஸ்டரிடம் போகிறாள். இந்த வருஷம் மாவட்ட அளவில் ஜெயித்துவிட்டாள். டிசம்பரில் மாநிலப் போட்டி. மார்ச்சில் பொதுத்தேர்வு.

அவளுடைய ஒரு நாளைச் சொல்கிறேன். காலை நாலே முக்காலுக்கு எழுந்திருப்பாள். ஐந்தே காலுக்குச் சைக்கிள், நான் வண்டியில் பின்னாலேயே போவேன். ஐந்தரையிலிருந்து ஏழேகால் வரை பயிற்சி. எட்டேகாலுக்குப் பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ். சாயந்தரம் இன்னொரு ஸ்பெஷல் கிளாஸ் முடிய ஐந்தே முக்கால் ஆகிவிடும். அங்கிருந்து நேராக மறுபடி பயிற்சி, ஏழரை வரை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டு ஒன்பது மணிக்குப் புத்தகத்தைத் திறந்தால் பதினொன்று வரை படிப்பாள். பாதி நாள் புத்தகம் நெஞ்சின் மேல் கிடக்க அப்படியே தூங்கிப்போவாள். ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் எல்லோரையும் ஏற்காடு அடிவாரத்துக்குக் கூட்டிப்போய் மூன்றாவது கொண்டை ஊசி வளைவு வரை ஓடவிடுகிறார். அன்றைக்கு மதியம் படுத்தால் சாயந்தரம்தான் எழுவாள்.

ஒன்பதாவது முழு ஆண்டில் 412 வாங்கினாள். காலாண்டில் 351. கணக்கு மட்டும் 84-லிருந்து 52. கிளாஸ் டீச்சர் கூப்பிட்டு, "இந்த ஒரு வருஷம் நிறுத்துங்க" என்றார். மாஸ்டர், "இப்ப விட்டா ரெண்டு வருஷ உழைப்பு போயிடும்" என்கிறார். இருவரும் அவள் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். நான் நடுவில் நிற்கிறேன்.

அவள் வாயைத் திறந்து எதுவும் சொல்லமாட்டாள். போன வாரம் ராத்திரி கொல்லைப்புறத்தில் கையில் சுற்றுகிற பேண்டேஜைத் துவைத்துக்கொண்டிருந்தாள். அது நாலரை மீட்டர் துணி, எட்டு முழ வேட்டியைவிட நீளம். பிழியும்போது வலது கை திரும்பவில்லை. இடது கையாலேயே தூணில் சுற்றிப் பிழிந்தாள். நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது. மறுநாள் அவள் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் இரண்டு பக்கம் வழக்கமான கையெழுத்து. மூன்றாவது பக்கத்திலிருந்து எழுத்து சாய்ந்து சாய்ந்து போகிறது. கடைசி ஐந்து மார்க் கேள்விகளில் கேள்வி எண் மட்டும் போட்டிருக்கிறாள். அந்தக் கணக்கெல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான். கேட்டேன், கடகடவென்று வாயாலேயே சொல்லிவிட்டாள்.

கையை வைத்துப் பிழைக்கிறவன் நான். அந்த நோட்டைப் பார்த்ததிலிருந்து தறியில் உட்கார்ந்தால் மனசு ஒட்டவில்லை. நிறுத்தச் சொல்லலாமா? நிறுத்தாமல் பத்தாவதைக் கரை சேர்க்க வழி இருக்கிறதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

சூரமங்கலம் சௌத்பா

அண்ணே, நான் பதினோரு வருஷம் ஆடியவன். இப்போது வேலையில் இருக்கிறேன். முதலில் மணிக்கட்டு. அந்த வலியோடு இனி ஒரு நாளும் பேக் (தொங்கவிட்டுக் குத்திப் பழகுகிற மூட்டை) அடிக்க விடாதீர்கள். எலும்பு டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அப்புறம் ஒரு கேள்வி: வீட்டில் ஏதாவது பேக் தொங்கவிட்டிருக்கிறீர்களா? அதில் என்ன நிரப்பியிருக்கிறது?

அடுத்து மாநிலப் போட்டி. பாக்சிங்கில் வயதைப் பிறந்த வருஷத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். 15, 16 இரண்டும் ஜூனியர். 17, 18 யூத். பாப்பாவுக்கு இந்த வருஷம்தான் 15 என்றால் அடுத்த வருஷமும் ஜூனியரிலேயே நிற்கலாம். இந்த டிசம்பரில் அவளை விடப் பெரிய பிள்ளைகளோடு மோத வேண்டியிருக்கும். அடுத்த வருஷம் அவளே பெரியவள். ஒரு போட்டியைத் தள்ளிவைத்தால் உழைப்பு போய்விடாது. கால் அசைவும் கார்டும் (கையை உயர்த்தி முகத்தைக் காத்து நிற்பது) உடம்பில் ஊறிய விஷயம், ஐந்து மாதத்தில் மறக்காது. மூச்சுதான் குறையும். அதைத் திரும்பக் கொண்டுவர ஆறேழு வாரம் போதும்.

ஆனால் ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம் என்பேன். சாயந்தரப் பயிற்சியை முழுசாக எடுத்துவிடுங்கள். காலையில் வாரம் நாலு நாள், ஒரு மணி நேரம். ஸ்கிப்பிங், ஷேடோ (எதிராளி இல்லாமல் காற்றில் குத்திப் பழகுவது), பேட் (மாஸ்டர் கையில் பிடிக்கிற மெத்தையில் குத்துவது). ஸ்பாரிங் (இன்னொருவரோடு நேருக்கு நேர் மோதிப் பழகுவது) கிடையாது. ஜூனியரில் இரண்டு நிமிஷ ரவுண்டு மூன்றுதான். அந்த அளவுக்கு உடம்பைத் தயாராக வைத்திருக்க இது தாராளம். ஏற்காடு ஓட்டத்தைப் பொதுத்தேர்வு முடியும்வரை விட்டுவிடுங்கள். ஏறும்போது ஒன்றும் ஆகாது, தாரோட்டில் இறங்கி ஓடுவதுதான் முழங்காலைக் கெடுக்கும். எனக்குக் கெட்டது அப்படித்தான்.

படிப்பைப் பற்றி என் கதையைச் சொல்கிறேன். பன்னிரண்டாவதில் கேம்ப், போட்டி என்று அலைந்து இரண்டு பாடத்தில் போய்விட்டது. மெடல் இருக்கிறதே என்று நினைத்தேன். ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு விண்ணப்பிக்கப் போனால், நான் கேட்ட வேலைக்குப் பன்னிரண்டாவது பாஸ் வேண்டும் என்றார்கள். என்னிடம் தோற்ற பையன் அந்த வேலையில் சேர்ந்தான். தனித்தேர்வராக எழுதிப் பாஸ் பண்ணி உள்ளே வர எனக்கு இரண்டு வருஷம் ஆனது. தமிழ்நாடு அரசு வேலையிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இடம் இருக்கிறது. அங்கேயும் அந்தந்த வேலைக்கு உரிய படிப்பு இருந்தால்தான் சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்ப்பார்கள். பாப்பாவிடம் இதை நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அப்பா சொன்னால் பயம் காட்டுகிற மாதிரி இருக்கும், ஆடியவன் சொன்னால் கேட்பாள்.

---

தறிக்காரர், அம்மாபேட்டை

தம்பி, மாடியில் நான்தான் பேக் கட்டிக் கொடுத்தேன். இருபத்தைந்து கிலோ அரிசிச் சாக்கு இரண்டை ஒன்றுக்குள் ஒன்று போட்டு, வீடு கட்டி மிஞ்சிய மணலை நிரப்பினேன். ராத்திரி சாப்பிடுவதற்கு முன்னால் அதில் அடிப்பாள். ஏன் கேட்கிறீர்கள்?

---

சூரமங்கலம் சௌத்பா

அதுதான் அண்ணே. மணல் நாளாக ஆகக் கீழே இறங்கி இறுகிவிடும். மேல்பாதி தொளதொளவென்று இருக்கும், கீழ்ப்பாதி கல். கையை வளைத்து உடம்புக்கு அடிக்கிற ஹூக் எல்லாம் அந்தக் கல்லில்தான் விழும். இன்றைக்கே இறக்கிவிடுங்கள். உங்களிடம் இல்லாத துணியா? கழிவு நூல், பழைய சேலை, வேட்டித் துண்டு எல்லாவற்றையும் கிழித்துச் சுருட்டாமல் அடுக்கு அடுக்காகப் போட்டுக் குத்திக் குத்தி நிரப்புங்கள். மணல் ஒரு பிடிகூட வேண்டாம். கை ஆறிய பிறகு தொடட்டும். பேண்டேஜ் சுற்றும்போது மணிக்கட்டுக்கு மூன்று சுற்றுப் போதாது, ஐந்தாறு சுற்று வேண்டும். பெருவிரலில் தொடங்கி மணிக்கட்டில் முடிக்கச் சொல்லுங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முட்டியும்தான் முதலில் பட வேண்டும். சுண்டுவிரல் பக்கம் பட்டால் கை மடங்கும்.

---

நர்ஸ் அக்கா

அண்ணா, நான் இருபது வருஷமாக நர்ஸ். மூன்று விஷயம் கேட்கிறேன், பாப்பாவின் அம்மாவையே அவளிடம் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள்.

எடை குறைக்கச் சொல்லியிருக்கிறார்களா? இந்த வயதில் பிள்ளைகள் 52-லிருந்து 50-க்கு இறங்க வேண்டும் என்று ராத்திரிச் சாப்பாட்டை விடுவார்கள், தண்ணீரைக் குறைப்பார்கள். வீட்டில் யாருக்கும் தெரியாது. வளர்கிற பிள்ளை அது. மாதவிலக்கு தள்ளிப்போகிறதா, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, கண் இமையின் உள்பக்கம் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள், அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். எந்த எடையில் இருக்கிறாளோ அந்த எடையிலேயே ஆடட்டும். முட்டை, பச்சைப்பயறு, வேர்க்கடலை, முருங்கைக்கீரை, ராகிக் களி. டப்பாவில் விற்கிற பவுடர் எதுவும் வேண்டாம்.

இரண்டாவது, தலை. ஸ்பாரிங்கில் அடி பட்ட நாளில் தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுவது, படித்தது நிற்காமல் போவது, இதில் ஏதாவது இருந்ததா? ஹெட்கார்டு முகத்தில் வெட்டுக்காயம் வராமல் காக்கும். உள்ளே மூளை அதிர்வதை அது தடுக்காது. மார்க் குறைந்தால் கவனம் இல்லை என்று திட்டுகிறோம், சில பிள்ளைகளுக்குக் காரணம் இங்கே இருக்கும். அப்படி ஏதாவது இருந்தால் டாக்டரைப் பார்த்து, முதலில் ஓய்வு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் படிப்பு, வகுப்பில் முழு நாள் சிரமமில்லாமல் உட்கார முடிந்த பிறகுதான் பயிற்சி. மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு இந்த விளையாட்டில் சம்மதம் இல்லை. அமெரிக்கா, கனடா குழந்தை மருத்துவர் சங்கங்கள் இரண்டும் 2011-இல் சேர்ந்து, பிள்ளைகளுக்குப் பாக்சிங் வேண்டாம் என்றே சொல்லியிருக்கின்றன. காரணம் இந்தத் தலை அடிதான். ஆனாலும் அவளுக்கு அதில் உயிர் இருக்கிறது என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. அதனால் ஸ்பாரிங்கை மட்டுமாவது யோசித்து அனுமதியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது, தூக்கம். பதினொன்றுக்குப் படுத்து நாலே முக்காலுக்கு எழுந்தால் ஆறு மணி நேரம்கூட இல்லை. இந்த வயதுக்கு எட்டு மணி நேரமாவது வேண்டும். பகலில் படித்தது மனசில் பதிவதும், அடிபட்ட சதை ஆறுவதும் தூக்கத்தில்தான்.

---

சேர்வராயன் மலைப்பெண்

வணக்கம் ஐயா. நான் ஏற்காட்டுக்காரி, இப்போது காலேஜ் இரண்டாம் வருஷம். பத்தாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை தினமும் பஸ்ஸில் சேலம் இறங்கிப் படித்தேன், ஜூடோவும் ஆடினேன். அந்த இருபது வளைவில் புத்தகத்தைத் திறந்தால் குமட்டிக்கொண்டு வரும். அதனால் காதால் படித்தேன். ராத்திரி சமூக அறிவியல், அறிவியல் கேள்வி பதிலை என் குரலிலேயே போனில் பதிந்துவைப்பேன். கேள்வி கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா விட்டிருப்பேன். அந்த இடைவெளியில் மனசுக்குள் பதில் சொல்ல வேண்டும், அப்புறம்தான் பதில் வரும். தங்கச்சி கை ஆறும் வரைக்கும் இதைச் செய்யலாம், எழுத வேண்டியதே இல்லை. பேண்டேஜைச் சுருட்டுகிற நேரத்தில்கூடக் கேட்கலாம். ஆனால் சைக்கிள் ஓட்டும்போது மட்டும் வேண்டாம்.

கணக்கை ராத்திரிக்கு வைக்காதீர்கள். பயிற்சி இல்லாத நாள் காலை ஐந்தரை மணி கணக்குக்கு.

இன்னொன்று ஐயா. அவளிடமே கேட்டீர்களா? நீங்கள் எழுதியதில் டீச்சர் சொன்னது இருக்கிறது, மாஸ்டர் சொன்னது இருக்கிறது. எனக்கு வலித்தபோது நானும் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவார்கள் என்கிற பயம் ஒன்றுதான் காரணம். "நிறுத்தமாட்டேன், வலியை மட்டும் சொல்லு" என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

---

கணக்கு வாத்தியார்

தலைமையாசிரியைக்கு ஒரு பக்கம் கடிதம் எழுதுங்கள். எந்தெந்த நாள் பயிற்சி, எந்தப் போட்டியைத் தள்ளிவைக்கிறீர்கள், மாலை ஸ்பெஷல் கிளாஸுக்குத் தவறாமல் வருவாள் என்று மூன்றையும் தெளிவாக எழுதி, மாஸ்டரிடமும் கையெழுத்து வாங்கி நேரில் கொடுங்கள். நீங்கள் ஒன்றை விட்டுக்கொடுத்திருப்பது தெரிந்தால் அவர்களும் இறங்கி வருவார்கள். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் நடந்தது.

---

தறிக்காரர், அம்மாபேட்டை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் கும்பிடு.

மலைப்பெண் சொன்ன மாதிரியே கேட்டேன். முதலில் அழுதாள். அப்புறம் எல்லாம் வந்தது. மணிக்கட்டு ஒரு மாதமாக வலிக்கிறதாம். எடைக்காக ராத்திரித் தட்டில் பாதியை நாய்க்கு வைத்திருக்கிறாள். அவள் அம்மாவுக்கு அதைக் கேட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. தலையில் பெரிய அடி எதுவும் இல்லை, இருந்தாலும் டாக்டரிடம் அதையும் கேட்டுவிட்டோம். எலும்பில் ஒன்றும் இல்லை, தசைநார் இழுபட்டிருக்கிறது என்றார். மூன்று வாரம் எதையும் அடிக்கக் கூடாது என்று பட்டை போட்டுவிட்டார். ஹீமோகுளோபின் 9.8. மாத்திரை சாப்பிடுகிறாள்.

டிசம்பர் போட்டிக்குப் போகவில்லை. முடிவு அவளே எடுத்தது. அடுத்த வருஷமும் ஜூனியர்தான் என்று தெரிந்ததும் முகம் தெளிந்துவிட்டது. மாஸ்டர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, மூன்றாம் நாள் அவரே வீட்டுக்கு வந்து ஒரு கையால் ஸ்கிப்பிங் ஆடக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். கடிதத்தில் கையெழுத்தும் போட்டார். ஒன்பதரைக்கு விளக்கு அணைகிறது. இந்த வாரக் கணக்குத் தேர்வில் 71. எல்லாக் கேள்விக்கும் எழுதியிருக்கிறாள்.

மணலைக் கொட்டிவிட்டுத் தறிக் கழிவும் பழைய சேலையும் நிரப்பியாகிவிட்டது. அக்கம்பக்கத் தறி வீடுகளிலும் கேட்டு வாங்கினேன். நானே ஒரு குத்துக் குத்திப் பார்த்தேன், முன்பு கை விண்ணென்று தெறிக்கும், இப்போது அமுங்கிக்கொடுக்கிறது. அவள் இன்னும் தொடவில்லை, திங்கட்கிழமைக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். தம்பி, ஒரே ஒரு சந்தேகம். மாடியில் சாரல் அடிக்கிறது, துணி ஈரத்தை இழுத்தால் பேக் கனத்து மறுபடி இறுகிவிடுமா? தார்ப்பாயைச் சுற்றிக் கட்டினால் போதுமா, அல்லது தினமும் இறக்கி உள்ளே வைக்க வேண்டுமா?