கடைமுத்திரையா, தத்துப்பெயரா?

பொருள்: மறு: மறு: வேறு ஆலை செய்து கொடுக்க, கடைகள் தம் பெயரில் விற்கும் சரக்குக்கு (private label) தமிழ்ச்சொல்

> 'கடைமுத்திரை' என்றே வைத்துவிடலாமே. கேட்டதும் புரிகிறது.

புரிகிறது ஐயா, ஆனால் தப்பாகப் புரிகிறது. தலை, இடை, கடை என்று தரம் பிரித்தே பழகிய மொழி நம்முடையது. கடைநிலை ஊழியர் என்றால் கடையில் வேலை பார்ப்பவர் என்று யாரும் நினைப்பதில்லையே. 'கடைமுத்திரைத் தொலைநோக்கி' என்று தலைப்பு வைத்தால், மட்டம் என்று தீர்ப்பு எழுதிவிட்டுத்தான் கட்டுரையைத் தொடங்குவேன். அது மட்டமா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது என்பதுதான் கட்டுரையே.

இடையில் சேர்ந்தவர்களுக்கு: நான் நெப்ராஸ்காவில் இருக்கிறேன். நவம்பர் நடுவில் இங்கே மான் வேட்டை. புதிதாக உரிமம் எடுத்த நண்பர்களுக்காக ரைஃபிள் தொலைநோக்கி வாங்குவது பற்றித் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இம்மாநிலத்தில் 1961இல் தொடங்கி, 2017இல் பாஸ் ப்ரோ ஷாப்ஸ் கைக்குப் போன கபேலாஸ் என்ற வேட்டைச் சாமான் கடை நெடுங்காலமாகத் தன் பெயரிலேயே தொலைநோக்கி விற்றது. அதில் 'யூரோ' என்ற வரிசையைச் செய்து கொடுத்தது செக் குடியரசின் மியோப்டா. 1933இல் தொடங்கிய, லென்ஸுக்கே பேர்போன நிறுவனம். அதைப் போய்க் கடைச்சரக்கு என்பதா?

அதே சமயம், எல்லாக் கடைப்பெயருக்குப் பின்னாலும் ஒரு மியோப்டா இருக்கிறது என்று நம்பிவிடவும் கூடாது. பெயர் அப்படியே இருக்கும், செய்கிற ஆலை மாறிவிடும். அமெரிக்காவில் இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயரைப் பொறிக்கவேண்டும், ஆலையின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. தெரிந்தாலும் என்ன? இந்த விலைக்குள் முடித்துக் கொடு என்று கடை சொன்னால் நல்ல ஆலையும், லென்ஸில் பட்ட ஒளி திரும்பிப் போகாமலிருக்கப் போடும் பூச்சில் ஒரு படலத்தைக் குறைத்துத்தான் தரும். பூச்சே இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். பத்துப் பரப்பு தாண்டுவதற்குள் மூன்றில் ஒரு பங்கு காலி.

இது கடைக்குள் தெரியாது. குழல்விளக்கு வெளிச்சத்தில் எல்லாத் தொலைநோக்கியும் பளிச்சென்றுதான் இருக்கும். சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை இங்கே மான் சுடலாம். மான் வெளியே வருவதும் அப்போதுதான். அதனால் அந்த நேரத்தில் கடை வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார்க்கக் கேளுங்கள். வாகன நிறுத்தத்தின் கடைசி வண்டியில் எண் பலகையைப் படிக்க முடிகிறதா? பக்கத்தில் விலை கூடிய ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இரண்டும் ஒரே உருப்பெருக்கத்தில் இருக்கட்டும். 40 மில்லிமீட்டர் முகப்பு லென்ஸை 9 மடங்கில் வைத்தால் கண்ணுக்கு வருகிற ஒளிவட்டம் 4.4 மில்லிமீட்டர், 6 மடங்கில் வைத்தால் 6.7. ஒன்றை ஒன்பதிலும் மற்றதை ஆறிலும் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் குறை சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். (சரி, அதில் நானும் ஒருவன்.)

அப்புறம் திருகு, அதாவது குறிபார்க்கும் குறுக்கிழையை நகர்த்துவது. ஒரு சொடுக்குக்குக் கால் நிமிடக் கோணம் (ஒரு பாகையில் அறுபதில் ஒன்று ஒரு நிமிடம்), 100 கஜத்தில் சுமாராகக் கால் அங்குலம். குறியில் சுட்டுவிட்டு மேலே 20 சொடுக்கு, வலம் 20, கீழே 20, இடம் 20 என்று ஒவ்வொரு மூலையிலும் சுட்டால், கடைசிக் குண்டு முதல் குண்டின் பக்கத்திலேயே விழவேண்டும். என் முதல் தொலைநோக்கி (எந்தக் கடை என்பது வேண்டாம்) இரண்டு அங்குலம் இடப்பக்கம் தள்ளிப் போட்டது. ரைஃபிளின் பின்கட்டையை ஒரு தட்டு தட்டியதும் குறுக்கிழை தானாக வந்து உட்கார்ந்தது! கண்ணாடி மட்டும் அருமை. சொன்ன இடத்துக்குத் திரும்புகிற இந்தக் குணத்துக்கு 'திருகுநேர்மை' என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்தச் சொல்லைப் பற்றித் தனி மடலில் பேசலாம்.

> 'ஒட்டுப்பெயர்'? ஒட்டுமாம்பழம் போல.

அக்கா, மாம்பழம் இனிக்கிறது. ஆனால் எனக்கு முதலில் ஸ்டிக்கர்தான் நினைவுக்கு வருகிறது, பின்னாலேயே 'போலி' வந்துவிடுகிறது. 'தனியார் முத்திரை' ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தது, தனியார் பேருந்து மாதிரி இருக்கிறது. 'அங்காடி முத்திரை' என்றால் ரேஷன் அரிசி.

என் பரிந்துரை: தத்துப்பெயர். ஒரு வீட்டில் பிறந்து, இன்னொரு வீட்டின் தலைப்பெழுத்தோடு வளர்கிற பிள்ளை. இதில் இழிவும் இல்லை, உயர்வும் இல்லை. செய்து கொடுக்கிற நிறுவனத்துக்கும் சொல் கூடவே கிடைக்கிறது: ஈன்ற ஆலை. 'இந்தத் தத்துப்பெயர்த் தொலைநோக்கியின் ஈன்ற ஆலை எது?' என்று கேட்டுப் பாருங்கள், வாயில் உருள்கிறது.

---

மறு: மறு: மறு:

> தத்துப்பெயர்

நன்றாக இருக்கிறது தம்பி. ஆனால் 'தத்துப்பித்து' காதில் விழாமல் இல்லை. இன்னொன்று: தத்துக் கொடுத்தவர் பிள்ளைக்குக் காசு வாங்குவதில்லை.

---

மறு: மறு: மறு: மறு:

காசு விஷயத்தில் உவமை இடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன் ஐயா. தத்துப்பித்துக்கு மருந்து பின்னால் வருகிற சொல்தான். 'தத்துப்பெயர்ச் சரக்கு', 'தத்துப்பெயர்ப் பருப்பு' என்று எழுதும்போது பித்து வருவதில்லை, பிள்ளைதான் வருகிறது. வார இறுதியில் கட்டுரையில் இதையே போட்டு நண்பர்களிடம் கொடுக்கிறேன். விளக்கம் கேட்காமல் எத்தனை பேர் தாண்டிப் போகிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன். 'கடைமுத்திரை' அதுவரை அடைப்புக்குறிக்குள் இருக்கட்டும்.