குளிகை வைத்திருப்பவன் எதற்கு ரயில் ஏறினான்?

கெடிலக்கரையான்:
உப்பளத்தான் தம்பி பகுதி பகுதியாகப் போட்டு வந்த குறுநாவல் முடிந்துவிட்டது. படிக்காதவர்களுக்குச் சுருக்கம்: 1912 ஐப்பசி. பிரிட்டிஷ் வாரண்டுக்குத் தப்பிப் புதுச்சேரியில் ஒளிந்திருக்கிறான் ஓர் இளைஞன். ஒரு சித்தர் அவனுக்குக் குளிகை ஒன்று தருகிறார். வாயில் அடக்கிக்கொண்டால் நினைத்த இடத்துக்குப் போய்விடலாம். இரண்டாம் பகுதியில் அப்படித்தான் ஒற்றர்களிடமிருந்து மறைகிறான். கடைசியில் தங்கை கல்யாணத்துக்காக மாலை ரயில் ஏறுகிறான், அரை மணியில் கடலூரில் இறங்குகிறான், மாட்டிக்கொள்கிறான். சிறையில் கதை முடிகிறது.

நடை அருமை. மீன்காரம்மா பேசுகிற இடங்களைத் திரும்பவும் படித்தேன். ஆனால் தம்பி, 1879-ல் போட்ட பாதை புதுச்சேரியிலிருந்து விழுப்புரத்துக்குத்தான் போகிறது. கடலூருக்கு நேர்ப்பாதை இன்றைக்கும் கிடையாது. விழுப்புரத்தில் வண்டி மாறி, பண்ருட்டி, நெல்லிக்குப்பம் வழியாகச் சுற்றித்தான் திருப்பாதிரிப்புலியூர் வர வேண்டும். அதை விடு, குளிகை வைத்திருப்பவன் எதற்கு ரயில் ஏறினான்?

உப்பளத்தான்:
அண்ணே, ரயில்வே அட்டவணை பார்க்க யாரும் கதைக்கு வருவதில்லை. டாக்டர் வாட்சனுக்கு முதல் நாவலில் குண்டு பட்டது தோளில். அடுத்த நாவலில் காயம் காலுக்கு இறங்கிவிட்டது. ஹோம்ஸைப் படிப்பதை அதற்காக யாராவது நிறுத்தினார்களா? எனக்கு வேண்டியது அவன் தனிமை. நள்ளிரவு, ஆளில்லாத கடற்கரை, கடலிலிருந்து எழும் பௌர்ணமி நிலா. அது மனதில் நின்றால் போதும்.

மஞ்சக்குப்பம் வாசகி:
நானே கேட்க வந்தேன், நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். பௌர்ணமி நிலா பொழுது சாயும்போதே கடலில் எழுந்துவிடும். நள்ளிரவில் அது உச்சிக்கு வந்திருக்கும். நடுராத்திரியில் எழுவது தேய்பிறை அட்டமி நிலா, அதுவும் பாதிதான். சரி, அட்டமி என்றே மாற்றிவிடலாம் என்றால் கதையில் மறுநாள் காலை முகூர்த்தம். நவமியில் எந்த வீட்டில் தாலி கட்டுவார்கள்? ஐப்பசியில் வானம் வெறிச்சென்று இருந்ததே பெரிய அதிசயம், அதை நான் கேட்கவே இல்லை.

உப்பளத்தான்:
அக்கா, நிலா உச்சியில் இருந்தால் அவன் அண்ணாந்து பார்க்க வேண்டும். எனக்கு அவன் நேராகப் பார்க்க வேண்டும். தண்ணீரில் அந்த வெளிச்சப் பாதை அவன் காலடி வரைக்கும் வர வேண்டும்.

மஞ்சக்குப்பம் வாசகி:
அப்படியென்றால் காட்சியை அந்திக்கு நகர்த்துங்கள். கடற்கரையில் ஊரே காற்று வாங்கிக்கொண்டிருக்கும். ஆஷ் கொலைக்கு அடுத்த வருஷம் இது, ஒற்றர்களுக்கும் பஞ்சமில்லை. அத்தனை பேர் நடுவில் அவன் தனியாக நிற்பது இன்னும் கனமாக இருக்காதா?

பாகூர்க்காரன்:
தம்பியை ஏன் எல்லோரும் இப்படிப் போட்டு வறுக்கிறீர்கள்? நம் பக்கத்துத் தெருக்கூத்தைப் பாருங்கள். பாரதக் கதை நடந்துகொண்டிருக்கும், கட்டியங்காரன் நடுவில் வந்து ரேஷன் கடை சண்டையைப் பேசுவான். துரியோதனன் காலத்தில் ரேஷன் கடை ஏது என்று யாராவது எழுந்து கேட்டதுண்டா? சனம் சிரித்துவிட்டு அடுத்த பாட்டுக்குக் காத்திருக்கும்.

வில்லியனூர் வாத்தியார்:
கூத்தையே எடுத்துக்கொள்வோம். கட்டியங்காரன் எந்தக் காலத்துக்கும் போகலாம், எதையும் பேசலாம் என்பது அவன் மேடைக்கு வந்த உடனே பழகிவிடுகிறது. அது அந்த ஆட்டத்தின் விதி. ஆனால் படுகளத்தில் விழுந்த துரியோதனன் விடிந்ததும் எழுந்து வசனம் பேசினால் ஊர் விடுமா?

எனக்கு நிலா பெரிய விஷயமில்லை. ரயிலும் அப்படித்தான். வாட்சனின் காயத்தைத் தோளுக்கு மாற்றினாலும் காலுக்கு மாற்றினாலும் துப்பு துலங்குவது அதே மாதிரிதான் துலங்கும், அதனால்தான் அது தப்பித்தது. குளிகை அப்படி இல்லை. நாயகன் சிறையில் கிடப்பதுதான் உங்கள் முடிவு. சிறையிலிருந்து நொடியில் வெளியே போகும் வழியை நீங்களே இரண்டாம் பகுதியில் அவன் கையில் கொடுத்துவிட்டீர்கள்.

இந்தச் சிக்கலை மணிமேகலை எப்படிச் சமாளிக்கிறது பாருங்கள். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் ஒன்று வந்துவிட்டால் பசி தீர்ந்துவிடும், கதை படுத்துவிடும். சாத்தனார் அமுதசுரபியை ஆபுத்திரன் கையில் கொடுக்கிறார். இந்திரன் மழை பெய்வித்து நாட்டை விளைய வைக்கிறான். சோறு கேட்க ஆளே இல்லை. பாத்திரம் குறையவில்லை, ஆனால் வீண். பசித்தவர்களைத் தேடிச் சாவக நாட்டுக்குக் கப்பல் ஏறுகிறான். வழியில் மணிபல்லவத்தில் இறங்க, கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. ஆளில்லாத தீவு, கையில் அமுதசுரபி. அவன் சாப்பிட்டிருக்கலாம். ஊர் உயிரைக் காக்கும் பாத்திரத்தை என் ஒருவன் உயிருக்காக வைத்திருப்பதா என்று அதைப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் இறக்கிறான். தடை பாத்திரத்தில் இல்லை ஐயா, அவன் குணத்தில் இருக்கிறது. அதனால்தான் அங்கே யாரும் ஓட்டை என்று சொல்வதில்லை.

உப்பளத்தான்:
சார், என் ஆளும் மனம் உடைந்துதான் குளிகையைத் தொடவில்லை.

வில்லியனூர் வாத்தியார்:
அது எந்த வரியில் இருக்கிறது?

உப்பளத்தான்:
வாசகர் ஊகிக்கட்டும் என்று விட்டேன்.

வில்லியனூர் வாத்தியார்:
ஊகிக்க ஒரு துரும்பாவது போட வேண்டாமா? இப்போது நான் ஊகிப்பது, நீங்கள் குளிகையை மறந்துவிட்டீர்கள் என்றுதான்.

பாகூர்க்காரன்:
வாத்தியார் சொன்னது கொஞ்சம் உறைக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் முன்கூட்டியே விதி எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கதை பத்திரப் பதிவு ஆபீஸ் ஆகிவிடும். நான் முதலில் எழுதிவிடுவேன், ஓட்டை அடைப்பது அப்புறம்.

கெடிலக்கரையான்:
எழுதும்போது யாரும் தடுக்கவில்லை. போடுவதற்கு முன்னால் ஒரு தடவை பார் என்கிறேன். எல்லை என்பது அந்தக் காலத்தில் விளையாட்டு இல்லை. 1908-ல் புதுச்சேரி வந்த பாரதி, 1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் கடலூர் பக்கத்தில் கைதானார். அந்தப் பயம் தம்பி கதையில் அரை மணி ரயிலில் கரைந்துபோகிறது. கோபம் அதற்குத்தான், ரயிலுக்காக இல்லை. அவனை நடக்க விட்டிருந்தால்?

பாகூர்க்காரன்:
நடந்தால் எங்கள் ஊர் வழிதான். இங்கே நிலம் ஒரே துண்டாக இருக்காது. அந்தக் காலத்தில் பிரெஞ்சு ஊரும் பிரிட்டிஷ் ஊரும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்தன. இந்த வயலில் நிற்கிற வரைக்கும் அவன் மேல் கை வைக்க முடியாது, நாலு வரப்பு தாண்டினால் வைக்கலாம். இருட்டில் எந்த வரப்பில் நிற்கிறோம் என்று தெரியாமல் ஒருவன் நடந்தால், அதுவே ஒரு பகுதிக்கு ஆகும்.

உப்பளத்தான்:
நிலாவை நான் மாற்றப் போவதில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்த வரப்பு விஷயம் பிடித்திருக்கிறது. கல்யாணத்தையே பாகூரில் வைத்தால்?

மஞ்சக்குப்பம் வாசகி:
பாகூர் பிரெஞ்சு ஊராயிற்றே. அங்கே எப்படி மாட்டுவான்?

உப்பளத்தான்:
கல்யாணத்தில் மாட்ட மாட்டான் அக்கா. பெண் வீடு பாகூர், மாப்பிள்ளை வீடு கடலூர். தங்கையைக் கொண்டுபோய் விட அண்ணன்தானே போக வேண்டும்? கூட ஆட்கள் நடக்கும்போது தான் மட்டும் குளிகையைப் போட்டுக்கொண்டு மறைய அவனுக்கு மனம் வராது. வாத்தியார் சார் கேட்ட துரும்பு இது போதுமா?

வில்லியனூர் வாத்தியார்:
போகும்போது சரி. சிறையில் தங்கை கூட இல்லையே?

கெடிலக்கரையான்:
அதற்கு முன்னால் இன்னொன்று. பாகூரிலிருந்து கடலூர் வர நடுவில் பெண்ணையாறு. ஐப்பசி என்று போட்டிருக்கிறாய். ஆற்றில் தண்ணீர் போகும், பெண்ணும் சீர்வரிசையும் கூட வருகிறது. எதில் தாண்டுகிறார்கள்?

உப்பளத்தான்:
அண்ணே, நாளைக்கு வருகிறேன்.