பழைய பொலிரோ பிக்கப்ப ட்ரிப்ட் வண்டியா மாத்தணும், பட்ஜெட் ஒன்றரை லட்சம், இன்ஜின் மாத்தவா வேணாமா?

இலைவண்டி_கோத்தகிரி:
எல்லாருக்கும் வணக்கம்ணா. வீட்ல ஒரு பழைய பொலிரோ பிக்கப் நிக்குது, 2523 சிசி டர்போ டீசல், காலம் பூரா பச்சை இலை ஏத்தி பேக்டரிக்கு ஓடுன வண்டி, அப்பா புதுசு எடுத்ததும் இத இரும்புக்கு போடறேன்னு நிக்கறாரு, நான் தான் கெஞ்சி நிறுத்தி வெச்சிருக்கேன். இத ட்ரிப்ட் ட்ரக்கா, அதாவது பின்சக்கரத்த வழுக்க விட்டு ஓட்டற வண்டியா பண்ணணும்னு ஆசை. ரோட்ல இல்லைங்க, மாமா தோட்டத்துக்குள்ள பழைய கிரவுண்டு ஒன்னு இருக்கு, செம்மண்ணு, மழை பேஞ்சா சோப்பு மாதிரி வழுக்கும், அங்க மட்டும் தான்.

வீட்ல ஆர்க் வெல்டிங் மிஷின், கட்டிங் வீல் எல்லாம் இருக்கு, வெல்டிங் ஓரளவு வரும். தெரிஞ்சவர் ஒருத்தர் வீட்ல அம்பாசடர் 1800 ஐஎஸ்இசட் ஒன்னு பாடி பூரா துருப்பிடிச்சு கிடக்கு, அதோட இசுசு பெட்ரோல் இன்ஜினும் 5 கியர் பாக்ஸும் நல்லா இருக்குன்றாரு, கம்மி விலைக்கே தர்றாராம். அத தூக்கி இதுல வெக்கலாமா? டிப்ரன்ஷியல (திருப்பத்துல ரெண்டு பின்சக்கரத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடற கியர் செட்டு) வெல்டு பண்ணா போதும்னு யூடியூப்ல சொல்றாங்க, வேற என்னென்ன பண்ணணும்? ரோல் கேஜுக்கு, அதான் வண்டி உருண்டா ஆள காப்பாத்தற பைப் கூண்டுக்கு, தண்ணி பைப் போடலாமா, எங்க வீட்டு பின்னாடி நெறைய கெடக்கு.

பட்டறை_அண்ணாச்சி:
தம்பி மொதல்ல கடைசி கேள்விக்கு பதில் சொல்லிடறேன், தண்ணி பைப் வேணாம்னா வேணாம். அது நீளவாக்குல ஜாயிண்ட் போட்ட பைப், வண்டி உருண்டா அந்த ஜாயிண்ட்டுலயே பொளந்துக்கும். ஜிஐ பைப்பா இருந்தா மேல துத்தநாகம் பூசியிருக்கும், அதுல வெல்டிங் வெச்சா வர்ற புகைய இழுத்தா ராத்திரி குளிர் காய்ச்சல் வந்து படுத்துருவ. ரேஸ் வண்டிக்கு எப்ஐஏ (உலக மோட்டார் ரேஸ் அமைப்பு) ரூல்ல, சீட்டுக்கு பின்னாடி நிக்கிற மெயின் வளைவுக்கு கேட்கறது ஜாயிண்ட் இல்லாத சீம்லெஸ் பைப், 45 மிமீ வெளிவிட்டம் 2.5 மிமீ கனம், இல்லைன்னா 50க்கு 2. அந்த கணக்குக்கே வாங்கு. கேஜோட கால் நிக்கிற இடத்துல ப்ளோர் தகட்டோட நேரா வெல்டு வெக்காத, கீழ ஒரு தடிப்பு பிளேட்டு போட்டு சேசிஸோட சேத்து நிக்க வை. உன் ஒன்றரை லட்சத்துல பெரிய பங்கு இதுக்கும் சீட்டு பெல்ட்டுக்கும் போகட்டும், இன்ஜின் எல்லாம் அப்பறம்.

டிப்ரன்ஷியல் வெல்டு பண்றது சரிதான், ஆனா யூடியூப்ல காட்டற மாதிரி தொறந்தோமா நாலு பொட்டு வெச்சோமான்னு முடியாது. உள்ள இருக்கிற ஸ்டார் கியர் எல்லாம் மேல்தோல் மட்டும் கடினமாக்குன ஸ்டீல், ஆயில்ல வருஷக்கணக்கா ஊறினது. டீசல்ல கழுவி, திரும்ப தின்னர்ல கழுவி, டார்ச்ல நல்லா சூடேத்திட்டு, 7018 நம்பர் வெல்டிங் ராடு போட்டு கொஞ்சம் கொஞ்சமா வை, முடிச்சதும் தண்ணி ஊத்திடாத, காஞ்ச மணல்ல பொதச்சு வெச்சு தானா ஆற விடு. அவசரப்பட்டா வெல்டு ஓரத்துலயே விரிசல் உட்டுரும். வெல்டு பொறி ஒன்னு உள்ள தங்கிடுச்சுன்னா பேரிங்கு காலி, அதனால கொஞ்சம் ஓட்டிட்டு ஆயில எறக்கி வடிகட்டி பாரு. வெல்டு வெச்சப்பறம் ரெண்டு சக்கரமும் ஒன்னாவே சுத்தும், தார் ரோட்ல திருப்புனா ஒன்னு வழுக்கியே ஆகணும், ஆக்சில் மேல அவ்ளோ பாரம் விழும், முறிஞ்சாலும் முறியும். அதனால அந்த வண்டி திரும்ப ரோட்டுக்கு வரக்கூடாது.

ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட எதுலயும் கைய வெச்சு வெல்டு பண்ணிடாத. ஆர்ம நீட்டறேன், டை ராட வெட்டி ஒட்டறேன்னு எவன் சொன்னாலும் கேக்காத. சக்கரம் எவ்ளோ திரும்பணும்னு தடுத்து நிறுத்தற லாக் ஸ்டாப்பர் போல்ட்ட கொஞ்சம் எறக்கி, டயரு எங்கயும் ஒரசாம பாத்து எவ்ளோ வருதோ அவ்ளோ போதும்.

ஊட்டிக்காரன்_88:
இன்ஜின் விஷயத்துல நான் வேற சொல்றேன். மேல வந்தா கணக்கே வேறங்க, கோத்தகிரி 1800 மீட்டர் சொச்சம், அங்க காத்தோட அடர்த்தி கடல்மட்டத்த விட ஆறுல ஒரு பங்கு கம்மி. அந்த இசுசு பெட்ரோல் கீழ 75 பிஎச்பின்னா மேல 60 சொச்சம் தான் வரும், கார்புரேட்டர் ஜெட்டு மாத்தலன்னா அதுவும் வராது, கறுப்பா புகையடிக்கும். உங்க டர்போ டீசல் ஏறக்குறைய அதே பவர், டர்போ இருக்கறதால மலைல அவ்ளோ இறங்காது. அப்பறம் ஏன் இவ்ளோ பாடு? காலி பிக்கப்புக்கு பின்னாடி வெயிட்டே இல்ல, மழைல வால் ஆட்டுதுன்னு நம்மூரு டிரைவருங்க பின்னாடி மணல் மூட்டை போட்டு ஓட்டறாங்க, நீங்க அந்த மூட்டைய எறக்கிட்டாலே பாதி வேலை முடிஞ்சுது.

மேட்டுப்பாளையம்_லேத்:
பவரு சமம்னு சொன்னது சரி, ஆனா டீசல் 3200 சுமார்ல மூச்சு வாங்கிடும்ணா, ரெண்டாவது கியர்ல வழுக்க ஆரம்பிக்கறப்பவே முடிஞ்சிடும், மூனாவது போட்டா இழுக்காது. பெட்ரோல்னா 5000 வரைக்கும் ஓடும், வழுக்கல புடிச்சு நிறுத்தி வெக்கறதுக்கு அது தான் வேணும். அம்பாசடர் கியர் பாக்ஸோடயே வெச்சா இன்ஜினையும் வேற கியர் பாக்ஸையும் சேக்கற அடாப்டர் பிளேட்டு செலவு மிச்சம், கியர் பாக்ஸ்ல இருந்து பின் ஆக்சிலுக்கு போற ப்ரொப்பெல்லர் ஷாப்ட் மட்டும் அளவெடுத்து லேத்துல பண்ணி பேலன்ஸ் பாத்துக்கணும். சம்ப் (இன்ஜின் அடில இருக்கிற ஆயில் தொட்டி) முன்னாடி கிராஸ் மெம்பர்ல (சேசிஸ் குறுக்குச் சட்டம்) இடிக்குதான்னு வாங்கறதுக்கு முன்னாடியே டேப்பு வெச்சு பாத்துக்க தம்பி.

இன்னொன்னு யாரும் சொல்லல. டீசல் வண்டில பிரேக் பெடல லேசாக்கற பூஸ்டருக்கு வேக்கம் (காத்த உறிஞ்சற இழுவை) எங்க இருந்து வருதுன்னு பாத்துருக்கியா, ஆல்டர்னேட்டர் பின்னாடி ஒட்டிக்கிட்டு ஒரு சின்ன பம்ப் இருக்கும், ஓஸ் பூஸ்டருக்கு போகும். பெட்ரோல்ல அந்த பம்ப் கிடையாது, இன்ஜினுக்குள்ள காத்து போற இன்டேக் மேனிபோல்டுல இருந்து எடுக்கணும், மலைல காத்தழுத்தமே கம்மிங்கறதால பூஸ்டர் தள்ளறதும் கம்மி, பெடல் கல்லு மாதிரி இருக்கும். ஆக்சிலேட்டர மிதிச்சுட்டே இருந்தா இன்னும் கம்மி. ஓஸ் நடுவுல ஒன்வே வால்வு கண்டிப்பா போடு.

பின்சக்கரத்த பூட்டி வழுக்க விடறதுக்கு ஹைட்ராலிக் ஹேண்ட்பிரேக் போடறதா இருந்தா பின்னாடி லைன்ல ஒரு சின்ன மாஸ்டர் சிலிண்டர் போடணும். லோடு வண்டில பின்னாடி ஆக்சிலுக்கு ஒரு கம்பி போய் லோடு வால்வுல மாட்டியிருக்கும், வண்டி காலியா இருந்தா அது பின்பிரேக்க குறைச்சுடும். வால்வு தாண்டி அந்தப் பக்கம் போட்டா தான் சக்கரம் பூட்டும்.

இலைவண்டி_கோத்தகிரி:
ரொம்ப நன்றிண்ணா. அப்ப டீசலயே வெச்சுகிட்டு கேஜு, டிப்ரன்ஷியல், ஹேண்ட்பிரேக் மட்டும் மொதல்ல பண்ணிக்கறேன். ஐஎஸ்இசட் இன்ஜின வாங்கி வெச்சுக்கலாமா இல்ல விட்ரட்டுமா? அப்பறம் ப்ரெண்டு ஒருத்தன் ராத்திரி கொடநாடு ரோட்ல ஆளே இருக்க மாட்டாங்கன்றான்...

பட்டறை_அண்ணாச்சி:
ப்ரெண்ட மாத்து. அந்த ரோட்ல காட்டெருமை நிக்கும், மூடுபனில லைட்டே எட்டாது. போலீஸ் வேற இருக்கு, ஆர்சில இருக்கிறத விட்டு வண்டிய மாத்துறது மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுல தடை, 182ஏ படி ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5000 ரூபா அபராதம், ஆறு மாசம் வரைக்கும் உள்ளயும் போடலாம். தார்ல ஓட்டிப் பாக்கணும்னு ஆசை வந்தா கோயமுத்தூர் செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு, ட்ராக் வாடகை என்னன்னு அங்கயே கேளு, வண்டிய லாரில ஏத்திட்டு வா.

இன்ஜின் கம்மி விலைன்னா வாங்கிப் போடு, ஆனா ப்ளக்க கழட்டி கம்ப்ரஷன் பாத்துட்டு வாங்கு, ரேடியேட்டர் மூடி தொறந்து ஆயில் மிதக்குதான்னும் பாரு.

மேட்டுப்பாளையம்_லேத்:
பின்னாடி ஸ்ப்ரிங் பட்டைய மறந்துட்டீங்களே. வழுக்கும்போது ஆக்சில் முறுக்கிக்கிட்டு குதிக்கும், பட்டைக்கு மேல ஒரு ராடு வெச்சு சேசிஸோட புடிக்கணும், அளவு அனுப்பு, சொல்றேன்.