வீட்டை ஒழித்தபோது கொடுத்த குடம் (உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்)

கும்பகோணத்திலிருந்து:
அம்மா போய் வருஷம் திரும்பியதும் பரணை இறக்கினோம். நாற்பது எவர்சில்வர் பாத்திரமாவது இருக்கும், கல்யாணத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் வந்தவை, முக்கால்வாசியில் பெயர் வெட்டியிருக்கும், உங்கள் வீட்டிலும் அப்படித்தானே. எங்கள் வீட்டில் பதினோரு வருஷமாக வேலை செய்யும் அக்காவுக்கு என்று ஒரு குடமும் இரண்டு தூக்கும் எடுத்து வைத்தேன். அவர் குடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்மா பேரு வெட்டியிருக்கே தம்பி, பஸ்ஸுல யாராச்சும் கேட்டா என்ன சொல்வேன்? என் மேலதானே கண்ணு போகும்" என்றார். எனக்கு வாயே வரவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கப்போவது அவர் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பெயர் வெட்டாத தூக்குகளை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போனார். குடம் இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது.

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து:
நான் வாங்கிய பக்கத்தில் இருந்தவள். கஜா புயல், 2018 நவம்பர் 16. ஓடு போய், தென்னை எல்லாம் சாய்ந்து, கரண்ட் எப்போது வரும் என்றே தெரியாத நாட்கள். ஒரு வண்டியில் துணி மூட்டை வந்தது. பொத்தான் இல்லாத சட்டைகள், யார் அளவுக்கோ தைத்த ஜாக்கெட்டுகள், நடுவில் ஜிகினா வேலை செய்த ஒரு கல்யாணப் பாவாடை. என் மாமியார் அதை மடித்துத் திண்ணையில் உயரமாக வைத்தார். "யாரோ ஆசையா வச்சிருந்தது, நனையக் கூடாது" என்றார். அப்போது அவர் கட்டியிருந்த புடவை நாலு நாள் ஈரம். ஒரு உள்பாவாடை கிடைக்காதா என்றுதான் அவர் காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தார். அந்த மூட்டையில் அது ஒன்றுகூட இல்லை.

வியாசர்பாடியிலிருந்து:
மேலே எழுதிய இருவர் மேலும் மரியாதை உண்டு. ஆனால் இதையெல்லாம் படித்துவிட்டு, கொடுக்க நினைப்பவர் கையை மடக்கிக்கொள்வார். பழசு என்றாலே கேவலமா? சின்ன வயதில் போகிக்கு முந்தின ராத்திரி எதிர்வீட்டு வாசலில் எரிக்க வைத்திருந்த குவியலிலிருந்து அம்மா ஒரு ஸ்வெட்டரைக் கேட்டு வாங்கி வந்தார். விடிந்தால் சாம்பல். அதைத்தான் மூன்று மார்கழி போட்டேன். அந்த வீட்டு அத்தை "இரும்மா" என்று சொல்லி, உள்ளே போய் ஊசி நூல் எடுத்து வந்து, பிரிந்திருந்த கையைத் தைத்துக் கொடுத்தார். எனக்கு ஸ்வெட்டரைவிட அந்த ஊசிதான் ஞாபகம்.

மதுரையிலிருந்து:
அந்த ஊசியைத்தான் நானும் சொல்ல வந்தேன். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரத்தில் பழந்துணி குவிந்து கிடந்ததை என் கண்ணால் பார்த்தேன், மீனவக் குடும்பங்கள் தொடவில்லை. அவர்கள் வீடு இழந்தவர்கள், மானத்தையும் இழந்தவர்கள் இல்லையே. அதனால் சிலது சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். துவைத்து, இஸ்திரி போட்டு, ஆண் பெண் குழந்தை என்று தனித்தனியாகக் கட்டி மேலே எழுதுங்கள். புடவை கொடுத்தால் உள்பாவாடையும் சேருங்கள், உள்ளாடை என்றால் புதிதாக மட்டும். செருப்பை ஜோடியாகக் கட்டுங்கள். தேதி முடிந்த மாத்திரை வேண்டவே வேண்டாம். கட்ட முடியாத பருத்திப் புடவையையும் குப்பையில் போடாதீர்கள். 1999-இல் டெல்லியில் தொடங்கிய கூஞ்ச் மாதிரி அமைப்புகள் பழைய பருத்தித் துணியைச் சுத்தம் செய்து மாதவிடாய்த் துணியாக்குகின்றன. முக்கியமாக, மூட்டை கட்டும் முன்னால் என்ன வேண்டும் என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். வாக்கர், சக்கர நாற்காலி பரணில் கிடந்தால் இன்றைக்கே இறக்குங்கள், பக்கத்துத் தெருவிலேயே யாருக்காவது தேவையாக இருக்கும். அப்புறம் குடம் விஷயம், பாலிஷ் பட்டறையில் கொடுத்தால் பெயரைத் தேய்த்து எடுத்துவிடுவார்கள்.

கும்பகோணத்திலிருந்து மறுபடியும்:
பாலிஷ் போட நானும் நினைத்தேன் அண்ணா. பட்டறை வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிட்டேன், அம்மா பெயர் மேல் மெஷினை வைக்க மனசு வரவில்லை. நேற்று அக்காவிடமே கேட்டேன். "கீழ என் பேரையும் வெட்டிக் குடு தம்பி, ரெண்டு பேரும் இருக்கட்டும்" என்றார். சனிக்கிழமை பாத்திரக் கடைக்குப் போகிறோம், அவரும் கூட வருகிறார்.