கன்ட்ரோலரில் 14.4, பேட்டரியில் 13.4: கேம்பர் டிரெய்லர் சோலார் வயரிங்கில் தப்பு எங்கே?

கேள்வி

வணக்கம். மெல்பனில் வைத்திருக்கும் சின்ன கேம்பர் டிரெய்லர். கூரையில் படுக்கை வசமாக இரண்டு 100 வாட் பேனல், பேரலலாக இணைத்திருக்கு. பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்படி ஒவ்வொன்றும் ஓபன் சர்க்யூட் 22.4 வோல்ட், வேலை வோல்டேஜ் 18.2, ஷார்ட் சர்க்யூட் 5.9 ஆம்ப். 20 ஆம்ப் பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் (பேனல் கரண்டை வேகமாக ஆன்-ஆஃப் செய்து சார்ஜைக் கட்டுப்படுத்தும் வகை) முன்பக்கக் கருவிப் பெட்டிக்குள். 100 ஆம்ப்-ஹவர் ஏஜிஎம் (மூடிய லெட்-ஆசிட் வகை) பேட்டரி பின்பக்கம், அடுப்படிக்குக் கீழே. நடுவில் 5 மீட்டர் தூரம். பாசிட்டிவுக்குக் கடையில் வாங்கிய "4 மி.மீ" வயர், பேட்டரி பக்கத்தில் பிளேடு ஃபியூஸ். நெகட்டிவ் முன்னால் ஒரு போல்ட்டில் சேஸியோடு, பேட்டரி நெகட்டிவும் பின்னால் சேஸியோடு.

ஜனவரி வெயில், மேகமே இல்லை. 11:30க்கு கன்ட்ரோலர் 14.4 வோல்ட், 9 ஆம்ப் காட்டுது. அதே நேரம் பேட்டரி முனையில் மீட்டர் வைத்தால் 13.4. 12:30க்கு கரண்ட் 4 ஆம்புக்கு இறங்கிடுது. 2 மணிக்கெல்லாம் ஃப்ளோட்டுக்கு (நிறைந்த பேட்டரியைக் குறைந்த வோல்டேஜில் வைத்திருக்கும் கட்டம்) போய் 13.8இல் நிற்குது. ஆனால் இரவு 3 மணிவாக்கில் 40 லிட்டர் ஃப்ரிட்ஜ் லோ வோல்டேஜ் என்று நின்றுவிடுது. காலையில் லோடு எதுவும் இல்லாமல் பேட்டரி 12.1. பேட்டரி வாங்கி ஒரு வருஷம்தான் ஆகுது. பேனலை மாத்தணுமா, கன்ட்ரோலரை மாத்தணுமா?

பதில் 1

ரெண்டையும் மாத்த வேண்டாம். 9 ஆம்ப் வருதுன்னா படுத்திருக்கிற 200 வாட்டுக்கு அந்த நேரத்தில் அது நல்ல கணக்குதான். கன்ட்ரோலரும் தன் முனையில் 14.4 பார்த்துட்டுச் சரியாத்தான் நடந்துக்குது. தப்பு ரெண்டுக்கும் நடுவில் காணாமல் போகிற 1 வோல்ட்.

கன்ட்ரோலருக்கு பேட்டரி தெரியாது, தன் ஸ்க்ரூவில் இருக்கிற வோல்டேஜ்தான் தெரியும். 11:30க்கு 14.4 தொட்டதும் அப்சார்ப்ஷன் (வோல்டேஜை அப்படியே பிடிச்சு மிச்சத்தை நிரப்புகிற கட்டம்) ஆரம்பிச்சு கரண்டைக் குறைக்குது. பெரும்பாலான பிடபிள்யூஎம் கன்ட்ரோலரில் அந்தக் கட்டம் 2 மணி நேரம், முடிஞ்சதும் ஃப்ளோட். உங்க நேரமும் அப்படியே பொருந்துது. கோடை நேரக் கணக்கில் மெல்பனில் ஜனவரி உச்சி வெயில் ஒன்றரை மணிவாக்கில்தான். அதாவது நாளின் மிகச் சிறந்த வெயிலை கன்ட்ரோலர் "பேட்டரி நிறைஞ்சுது" என்று நினைச்சுத் தள்ளிவிடுது. தினமும் இப்படி அரைகுறையா நிறைந்தால் ஏஜிஎம் பிளேட்டில் சல்பேட் படியும். சீக்கிரம் சரி பண்ணுங்க.

முதல் சந்தேகம் அந்த "4 மி.மீ" வயர். ஆஸ்திரேலிய ஆட்டோ வயரில் அந்த எண் இன்சுலேஷனோடு சேர்ந்த வெளி விட்டம். உள்ளே செம்பு 1.84 சதுர மி.மீ தான். "6 மி.மீ" என்று விற்பதில் சுமார் 4.6. இந்தியாவில் 4 சதுர மி.மீ கேட்டு வாங்கிப் பழகினவங்க எல்லாரும் விழுகிற குழி இது. ரோலில் சின்ன எழுத்தில் சதுர மி.மீ போட்டிருக்கும், அதை மட்டும் நம்புங்க.

கணக்கு: 0.0175 × நீளம் ÷ செம்பின் சதுர மி.மீ = ஓம். ஒரு வழி 5 மீட்டருக்கு 0.0175 × 5 ÷ 1.84 = 0.048 ஓம். 9 ஆம்பில் 0.43 வோல்ட் பாசிட்டிவில் மட்டுமே போகணும். மீதி அரை வோல்ட்டுக்கும் மேல் வேற எங்கேயோ.

அதைக் கண்டுபிடிக்க எதையும் கழட்ட வேண்டாம். வெயில் நல்லா இருந்து 8, 9 ஆம்ப் ஓடும்போது, மீட்டரை டிசி வோல்ட்டில் வைச்சு, ஒரு முனையை கன்ட்ரோலரின் பேட்டரி பாசிட்டிவ் ஸ்க்ரூவிலும் மறுமுனையை ஃபியூஸ் ஹோல்டருக்கு வயர் வந்து சேரும் இடத்திலும் வைங்க. (மீட்டர் வயர் எட்டாது, ஒரு நீள வயரில் முதலைக் கிளிப் மாட்டிக்கோங்க. அந்த வயர் மெலிசா இருந்தாலும் பரவாயில்லை.) மீட்டர் காட்டுவதே அந்தத் துண்டில் இழக்கிற வோல்டேஜ். பிறகு ஃபியூஸ் ஹோல்டரின் இரு பக்கம். பிறகு கன்ட்ரோலர் நெகட்டிவ் ஸ்க்ரூவிலிருந்து பேட்டரி நெகட்டிவ் முனை. இந்த மூணு எண்ணையும் போடுங்க. கரண்ட் ஓடாதப்ப அளந்தால் எல்லாம் 0 தான் வரும், ஏமாந்துடாதீங்க.

பதில் 2

மேலே சொன்னது சரி. நான் சேஸி பற்றி மட்டும் சொல்லுறன், ஏனெண்டால் அதில ஆபத்தும் இருக்கு.

டிரெய்லர் சேஸியை நெகற்றிவ் வயராகப் பாவிக்கிறது ஒரு லைற்றுக்குச் சரி, சார்ஜிங்குக்குச் சரியில்லை. பெயின்றுக்கு மேலே லக் (வயர் முனையில அழுத்துற உலோக வளையம்) வைச்சு போல்ற்றை இறுக்கியிருந்தால், கரண்ட் போறது போல்ற்றின்ர புரியால மட்டும்தான். கடற்கரைப் பக்கம் ரெண்டு பயணம் போய் வந்தால் அந்தப் புரியும் துருப் பிடிச்சிடும். போல்ற்றைக் கழட்டிப் பாருங்கோ: லக்கின்ர அடியில செம்பு நிறம் இல்லாமல் பச்சையோ கறுப்போ இருந்தால் அதுதான் உங்கட தொலைஞ்ச அரை வோல்ற்.

அதைவிட முக்கியம்: மலிவான பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் கனக்க, உள்ளுக்குள்ள பனல், பற்றரி, லோட் பாசிற்றிவ் மூன்றையும் ஒன்றாக இணைச்சு, நெகற்றிவ் பக்கத்திலதான் சுவிச் பண்ணும். அப்படியான கன்ட்ரோலரில பனல் நெகற்றிவும் பற்றரி நெகற்றிவும் ரெண்டுமே சேஸியில பட்டால், பனல் கன்ட்ரோலரைச் சுற்றிக்கொண்டு நேராகப் பற்றரிக்குப் போயிடும். கட்டுப்படுத்த ஒன்றும் இராது, 15 வோல்ற்றுக்கு மேலே ஏறி ஏஜிஎம் காய்ஞ்சு போகும். உங்கட கன்ட்ரோலர் ஃப்ளோட்டுக்கு இறங்குறபடியால் இப்ப அப்படி இல்லை. ஆனால் பிறகு "நெகற்றிவ் எல்லாம் ஒன்றுதானே" எண்டு நினைச்சு பனல் வயரைச் சேஸியில கட்டிப்போடாதேங்கோ. கன்ட்ரோலரைத் தனியாகக் கழட்டி வைச்சு, பனல் பாசிற்றிவுக்கும் பற்றரி பாசிற்றிவுக்கும் இடையில மீற்றரின்ர பஸ்ஸரை வைச்சால் தெரியும்: சத்தம் வந்தால் பாசிற்றிவ் பொது.

கழட்டுற ஒழுங்கு: முதலில பனலைப் போர்வையால மூடி பனல் வயர், பிறகுதான் பற்றரி. திரும்பப் பூட்டும்போது முதலில பற்றரி, கடைசியில பனல். பற்றரி இல்லாமல் 20 வோல்ற்றைக் கண்டால் சில கன்ட்ரோலர் இது 24 வோல்ற் சிஸ்டம் எண்டு எடுத்துக்கொள்ளும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. 9 ஆம்ப் ஓடும்போது அளந்தது:

பாசிட்டிவ் வயர் 0.44
ஃபியூஸ் ஹோல்டர் 0.12
நெகட்டிவ் (சேஸி வழி) 0.46

கூட்டினால் 1.02. ஃபியூஸ் ஹோல்டரின் பிளாஸ்டிக் தொட்டால் சுடுது, ஒரு காலுக்குப் பக்கத்தில் பழுப்பேறி லேசா உருகியும் இருக்கு. போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் அப்படியே இருக்கு, லக்கைச் சுற்றி மட்டும் துரு வளையம். தடிமனான வயர் போட்டால் போதுமா?

பதில் 1

ஃபியூஸ் ஹோல்டரை இன்றைக்கே தூக்கிப் போடுங்க. 0.12 × 9, ஒரு வாட்டுக்கு மேல் அந்தச் சின்ன இடத்தில் சூடாகுது. உள்ளே ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கும். சூடானால் இன்னும் தளரும், இன்னும் சூடாகும். புதுசுக்கு ஸ்டட்டில் லக் போட்டு இறுக்குகிற மிடி ஃபியூஸ் ஹோல்டர் வாங்குங்க. அதில் 30 ஆம்புக்குக் கீழே கிடைக்கலைன்னா நல்ல தரமான மேக்ஸி பிளேடு ஹோல்டரில் 20 ஆம்ப். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 20 செ.மீக்குள் இருக்கணும். ஃபியூஸ் காப்பாத்துவது வயரை. 30 ஆம்ப் போட்டால் பின்னால் வரும் வயர் 30 ஆம்ப் தாங்கணும்.

வயரைத் தடிமனாக்கலாம். 8 பி அண்ட் எஸ் என்கிற அளவு வயர் போட்டால் (செம்பு 7.9 சதுர மி.மீ) போக வர 10 மீட்டருக்கு 9 ஆம்பில் 0.2 வோல்ட் தான். ஆனால் அதைவிட நல்ல வழி கன்ட்ரோலரையே பேட்டரி பக்கத்துக்குக் கொண்டுபோவது. நீள வயர் பேனல் பக்கம் வந்துடும். அங்கே இழப்பு வலிக்காது, ஏன்னா பிடபிள்யூஎம்மில் பேனலின் 18 வோல்ட்டில் 3 வோல்ட்டுக்கு மேல் எப்படியும் வீண்தான்.

ஒரு எச்சரிக்கை. வெயிலில் பேனல் 65 டிகிரிக்குப் போனால் அந்த 18.2 சுமார் 15.6 ஆகிடும். பழைய 1.84 வயரையே போக வரப் போட்டால் 0.86 இழப்பு, 14.4 + 0.86 = 15.26, விளிம்பில் நிற்கும். அதனால் பேனல் பக்கத்துக்கு நிஜமான 4 சதுர மி.மீ இரட்டை சோலார் கேபிள் போடுங்க, இழப்பு 0.4. கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு அரை மீட்டர், 6 சதுர மி.மீ, பாசிட்டிவ் நெகட்டிவ் ரெண்டும் நேரா பேட்டரி முனைக்கு. அங்கே இழப்பு 0.03 கூட வராது.

கருவிப் பெட்டியைக் காலி பண்ண இன்னொரு காரணமும் உண்டு. பல கன்ட்ரோலர் வெப்பத்தைத் தன் உடம்பிலேயே அளந்து சார்ஜ் வோல்டேஜைக் குறைக்கும். இரும்புப் பெட்டிக்குள் 50 டிகிரியில் வெந்துக்கிட்டு, நிழலில் இருக்கிற பேட்டரிக்குக் குறைவாக் கொடுக்கும்.

லக்கை ராட்செட் கிரிம்பரால் அழுத்துங்க, கையால் பலமா இழுத்துப் பாருங்க. வெறும் ஈயம் வைச்சு ஒட்டாதீங்க. ஈயம் முடிகிற இடத்தில் வயர் விறைச்சு, டிரெய்லர் குலுங்கக் குலுங்க அங்கேயே முறியும்.

பதில் 3

ஃப்ரிட்ஜ் பக்கத்தை யாரும் தொடவில்லை. கம்ப்ரசர் ஓடும்போது அதன் பிளக்கில் வோல்டேஜ் பாருங்கள், அதே நொடியில் பேட்டரியிலும் பாருங்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டும் அதே 1.84 வயரும் இருந்தால், 6 மீட்டர் தூரத்தில் 4 ஆம்புக்கு வயரில் மட்டும் 0.46 வோல்ட் போகும். சாக்கெட்டின் தளர்வு தனி. பேட்டரி 12.2 என்றால் ஃப்ரிட்ஜுக்குத் தெரிவது 11.7. ஃப்ரிட்ஜ் தானாக நிற்கும் வோல்டேஜை (கட்-ஆஃப்) "லோ"வுக்கு மாற்றினால் இரவு ஓடும், ஆனால் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கிக்கொண்டே ஓடும். அதற்குப் பதில் 8 பி அண்ட் எஸ் இரட்டை வயர் இழுத்து, முனையில் 50 ஆம்ப் ஆண்டர்சன் பிளக் போடுங்கள். அதன் கான்டாக்ட் உள்ளே போகும்போது 'டிக்' என்று பூட்ட வேண்டும். பூட்டாவிட்டால் செருகும்போது பின்னால் தள்ளப்பட்டு, பார்க்கச் செருகியது போலவே இருக்கும், கரண்ட் போகாது.

கேட்டவர்

கன்ட்ரோலரை பேட்டரி பக்கத்துக்கு இடம் மாற்றியாச்சு, பேட்டரிக்கு நேரடி நெகட்டிவ், புது ஃபியூஸ் ஹோல்டர். 9 ஆம்பில் கன்ட்ரோலர் 13.7, பேட்டரி 13.66. 14.4 தொட்டது 2:40க்கு. மறுநாள் காலை 12.5. ஃப்ரிட்ஜ் வயர் அடுத்து. ஜூனிலும் இது போதுமா?

பதில் 3

படுக்கை வசமாகவே விட்டால் போதாது. மெல்பனில் ஜூன் நடுப்பகல் சூரியன் 29 டிகிரி உயரம்தான். படுத்திருக்கும் பேனலுக்கு உச்சி நேரத்திலும் பாதிக்குக் குறைவாகவே விழும். நாளெல்லாம் சேர்த்து 20 ஆம்ப்-ஹவர் வாக்கில் வரும். ஃப்ரிட்ஜ் 30க்கு மேல் கேட்கும். குளிர்காலத்துக்கு ஒரு பேனலைக் கழற்றக்கூடிய மாதிரி வைத்து, வடக்கு நோக்கி 60 டிகிரி சாய்த்து நிறுத்துங்கள். ஊர்ப் பழக்கத்தில் தெற்கே திருப்பிவிட வேண்டாம். தனியாக மடக்குப் பேனல் வாங்கினால் அதன் முதுகில் கன்ட்ரோலர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைத் தாண்டி பேனலின் வயரை நேராக எடுக்க வேண்டும். கன்ட்ரோலருக்குப் பின்னால் இன்னொரு கன்ட்ரோலர் வைத்தால் இரண்டும் ஒழுங்காக வேலை செய்யாது.